திரையிட்ட மடைப்பள்ளியும் திறந்த அடுக்களையும்

வந்தவாசியை அடுத்துள்ள தெள்ளார், சரித்திரம் பயின்றோர் மறவாத ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை வென்ற களம் அது. அவ்வெற்றியால்தான் அம்மன்னனுக்குத் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்னும் விருதுப் பெயர் வாய்த்தது. போர் ஓய்ந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று அப்பகுதியில் காலையில் கேட்பது கோயில் மணியோசையும் தறியின் ஓசையுமே. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகளை நெய்யும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் பல உண்டு.

அத்தகைய நெசவாளர் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த முதிய தம்பதியர், பல ஆண்டுகளுக்கு முன் உடுப்பிக்கு யாத்திரை சென்றனர். பேரன் பிறந்தால் கண்ணனைச் சேவிக்க வருவதாக அந்த அம்மையார் நேர்ந்துகொண்டிருந்தார். பேரனுக்கு ஆண்டு நிறைவும் ஆயிற்று. பெரியவருக்கு நீரிழிவு நோய் இருந்தபோதிலும், நேர்ச்சைக் கடனை நிறைவேற்றாது இருப்பதற்கு அம்மையாரின் மனம் ஒப்பவில்லை.

பயணத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அம்மையார் வெளியில் எங்கும் உண்ணமாட்டார். மணமாகிப் புக்ககம் புறப்பட்ட அன்று அவருடைய தாயார் சொல்லியனுப்பிய வார்த்தை ஒன்றுண்டு: "கண்ணால் காணாத அடுப்பில் வெந்ததை வாயில் வைக்காதே." நாற்பது ஆண்டுகளாக அந்த வார்த்தையை அவர் மீறியதில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணம் என்றாலும், கோட்டை அடுப்பு மூட்டியிருக்கும் கொல்லைப்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் அமர்வார். ஆகவே உடுப்பிப் பயணத்துக்கும் தூக்குப் பாத்திரம் நிறையப் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டார்.

உடுப்பி சேர்ந்தனர். மத்வ சரோவரத்தில் நீராடினர். ஒன்பது துளைகள் கொண்ட வெள்ளிப் பலகணியின் வழியே, கையில் மத்து ஏந்திய பாலகிருஷ்ணனைக் கண்குளிரக் கண்டனர். மேற்குப் பக்கத்தில் உள்ள கனகன சாளரத்தின் வரலாற்றையும் அங்கிருந்தோர் சொல்லக் கேட்டனர். உள்ளே செல்ல அனுமதியின்றி வெளியே நின்று பாடிய கனகதாசருக்காகச் சுவர் பிளந்தது. கண்ணன் அப்பக்கம் திரும்பி நின்று காட்சி தந்தான் என்பது பக்தர்கள் போற்றும் வரலாறு. மறைத்து நின்ற சுவரைத் திறந்தவன் பகவானே என்பதைக் கேட்டு அம்மையார் கண்ணீர் பெருக்கினார்.

உடுப்பிக் கண்ணனை 'அன்ன பிரம்மம்' என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மத்வாசாரியர் பிரதிஷ்டை செய்த அக்கண்ணனின் பூஜையை எட்டு மடங்கள் முறைவைத்து ஏற்று நடத்துகின்றன. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாறிவந்த அம்முறையைப் பதினாறாம் நூற்றாண்டில் வாதிராஜ சுவாமிகள் இரண்டு ஆண்டுகளாக மாற்றியமைத்தார். அதுவே பர்யாயம். ஒரு மடம் பொறுப்பேற்கும் முன்னரே அன்னதானத்துக்குரிய ஏற்பாடுகள் முகூர்த்தம் பார்த்துத் தொடங்கிவிடும். வாழை நடுவதற்கு ஒரு முகூர்த்தம், அரிசி சேமிப்பதற்கு ஒரு முகூர்த்தம், விறகு அடுக்குவதற்கு ஒரு முகூர்த்தம், நெல்லுக்கு ஒரு முகூர்த்தம். அந்த விறகைத் தேர் வடிவில் அடுக்கி நிறுத்துவர். அடுப்பில் எரியப்போகும் கட்டைக்கும் தேரின் மரியாதை!

மதியம் அன்னப் பிரசாதப் பந்தி. நூற்றுக்கணக்கானோருடன் அம்மையாரும் தரையில் அமர்ந்தார். சோறு வந்தது, சாறு வந்தது, பாயசம் வந்தது. ஒரு பருக்கை மிச்சமின்றி உண்டார். பெரியவர் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவே பேருந்து ஏறினர். பொழுது புலரும் வேளையில் பெங்களூர் வந்து சேர்ந்தனர். ஆரணிப் பக்கம் செல்லும் பேருந்தைப் பிடித்து ஊர் போய்ச் சேர மாலை ஆகிவிடும். தூக்குப் பாத்திரமோ முந்தைய நாளே காலி. பெரியவர் மாத்திரை விழுங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை போட்டால் உடனே ஏதேனும் உண்டாக வேண்டும் என்பது வைத்தியர் கட்டளை.

"நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நான் மூட்டையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அம்மையார்.

"நீ பட்டினி இருக்க, நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது?" என்றார் பெரியவர். அதுவும் நாற்பது ஆண்டு வழக்கம்தான். நேரம் சென்றுகொண்டிருந்தது. பெரியவரின் நெற்றியில் வேர்வை அரும்பத் தொடங்கியதை அம்மையார் கண்டார்.

அப்போது பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "நேற்று உடுப்பியில் சாப்பிட்டாயே, அந்த அடுப்பை நீ கண்ணால் கண்டாயா?"

அம்மையார் திகைத்துப்போனார். பிறகு சொன்னார்: "அங்கே சமைத்தது கண்ணனுக்காக. அவன் உண்டதைத்தானே நமக்குப் போட்டார்கள்? அவன் பார்த்த அடுப்பை நான் வேறு பார்க்க வேண்டுமா?"

நம் திருக்கோயில் மடைப்பள்ளிகளின் தத்துவம் முழுவதும் அந்த விடையில் அடங்கிவிடுகிறது. மடைப்பள்ளிக்குள் அந்நியர் நுழைய இயலாது. தளிகை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். உப்பு உண்டா, காரம் உண்டா என்று நாவில் வைத்துப் பார்க்கமாட்டார். கை அளவுதான் கணக்கு. அரங்கத்தில் மண் சட்டியில் அமுது படைப்பர். காஞ்சி வரதனுக்கு மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து இட்டலி வேகும். நிவேதனம் ஆகும்வரை திரை விலகாது. முதலில் காணவேண்டிய கண்கள் பகவானுடைய கண்கள் என்பதே காரணம். மனிதர் பார்வைக்கு மறைத்து வைத்திருப்பதால் அங்கே பார்ப்பார் இல்லை என்று பொருளன்று. எல்லாவற்றையும் பார்ப்பவன் சில அடி தூரத்தில், கருவறையில் நின்றுகொண்டிருக்கிறான். அந்த நினைவு இருக்கும்வரை மடைப்பள்ளிக்கு வேறு கண்காணிப்பு வேண்டியதில்லை.

ஆனால் உணவு விடுதியில்? அங்கே சமைப்பது யாருக்காக? அங்கே பார்ப்பவர் யார்? அம்மையாரின் தயக்கம் அதுதான்.

பெரியவர் புன்னகை செய்தார். "அப்படியானால் வா. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஓர் இடம் சொன்னார். அங்கே அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டுமாம்" என்றார்.

லால்பாக் தோட்டத்துக்கு அருகில், மாவள்ளி என்னும் பகுதியில் இருக்கிறது அந்த விடுதி. 'மாவள்ளி டிபன் ரூம்' என்பது பெயர், எம்.டி.ஆர். என்று சொன்னால் பெங்களூரில் குழந்தையும் வழி காட்டும். உடுப்பிச் சீமையைச் சேர்ந்த பரம்பள்ளி என்ற ஊரிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். சமையல் தொழிலை நம்பிப் பெருநகரம் வந்த குடும்பம் அது. தொடக்கத்தில் அதற்கு இருந்த பெயர் 'பிராமின் காபி கிளப்'. சமைப்பவர் இன்னார் என்று சொன்னால்தான் உண்பவர் நம்புவார் என்றிருந்த காலம். தமிழ்நாட்டிலும் அந்நாளில் அத்தகைய பெயர்ப்பலகைகள் உண்டு. நம் வாசகர்களில் மூத்தோர் சிலர் அவற்றைக் கண்டிருக்கக்கூடும்.

சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா, 1951-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குப் பயணம் மேற்கொண்டார். அங்குள்ள உணவு விடுதிகள் எவ்வாறு நடக்கின்றன என்று காண்பதே நோக்கம். கடல் கடந்து சென்றவர் அங்கிருந்து புதிய பலகாரம் எதையும் கற்றுக்கொண்டு வருவதைவிட, அந்நாட்டு விடுதிகளின் தூய்மையையும் ஒழுங்கையும் கற்றுவருவதே பெரிதென்று எண்ணினார். திரும்பி வந்ததும் பாத்திரங்களை நீராவியில் தூய்மை செய்யும் முறையைப் புகுத்தினார். விடுதியின் பெயர், குலத்தைக் குறிக்கும் சொல் நீங்கி, இருக்கும் பேட்டையின் பெயராலேயே மாவள்ளி டிபன் ரூம் ஆயிற்று. 1960-இல் லால்பாக் சாலையில் இன்றுள்ள கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எல்லாவற்றிலும் பெரிது. உண்ண வருவோர் சமையற்கூடத்தின் வழியே நடந்து, அங்கு நடப்பதைக் கண்ட பின்னரே உணவுக்கூடத்துக்குச் செல்லுமாறு ஏற்பாடு செய்தார். எந்த விடுதியும் கதவடைத்து வைக்கும் இடத்தை அவர் வாயிலாக ஆக்கினார். "சமைப்பவர் யார் என்று கேளாதீர், எப்படிச் சமைக்கிறார் என்று பாரும்" என்று சொல்லாமல் சொன்ன செயல் அது. குலத்தின் பெயரால் கேட்ட நம்பிக்கையை ஒருவர் கண்ணின் சாட்சியத்தால் ஈட்டத் துணிந்தார் என்றால், அது சிறிய மாற்றமன்று.

அந்த அடுக்களைக்குள்தான் தெள்ளார் அம்மையார் அன்று காலையில் அடி எடுத்து வைத்தார்.

முதலில் ஆவி முகத்தில் அறைந்தது. ஒருபுறம் இட்டலிக் கொப்பரை. மறுபுறம் தோசைக்கல், அதில் நெய் சுரீரென்று பாயும் ஓசை. தேங்காய் துருவுவோர் துருவ, காய் நறுக்குவோர் நறுக்க, அவரவர் கை அவரவர் வேலையில் இருந்தது. நடந்து செல்வோரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப்படுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

மற்றவர்கள் அடுப்பில் இருந்த பலகாரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தனர். அம்மையார் அவற்றைப் பார்க்கவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களின் அடிப்பாகத்தைப் பார்த்தார். சுவரும் தரையும் சேரும் மூலையைப் பார்த்தார். தண்ணீர் வழிந்தோடும் சாக்கடை வாயைப் பார்த்தார். கரி துடைக்கும் துணி எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தார். நாற்பது ஆண்டுகள் ஒரு வீட்டின் அடுப்பை ஆண்டவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். "என்ன, பட்டைத் திருப்பிப் பார்த்தாயிற்றா?" என்று கேட்டார்.

நெசவாளர் பேச்சு அது. பட்டுச் சேலையை வாங்குவோர் முன்பக்கத்தைக் கண்டு மயங்குவர். நெய்தவரோ சேலையைக் கையில் வாங்கியதும் மறுபக்கம் திருப்பிப் பார்ப்பார். பாவும் ஊடையும் சேர்ந்த விதமும், ஜரிகை ஓடிய விதமும், அறுந்த இழையை முடிந்த விதமும் அங்கேதான் தெரியும். முன்பக்கம் வாங்குவோருக்கு; மறுபக்கம் மனச்சாட்சிக்கு.

அம்மையார் தலையை மட்டும் அசைத்தார். நடந்து போய் உணவுக்கூடத்தில் அமர்ந்தார்.

ரவை இட்டலி வந்தது. பக்கத்தில் உருளைக்கிழங்குச் சாகு, சட்டினி, ஒரு கிண்ணத்தில் உருக்கிய நெய். அந்த இட்டலிக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா அரிசி வரத்து நின்றது. அரிசித் தட்டுப்பாடு மிகுந்தபோது, ரவையைக் கொண்டு இட்டலி செய்து பார்த்தது அவ்விடுதியே என்று கூறுவர். பஞ்சத்தில் பிறந்த பலகாரம் இன்று தென்னாடு முழுவதும் காலைச் சிற்றுண்டியாகிவிட்டது.

அம்மையார் கண்களை மூடினார். "கிருஷ்ணார்ப்பணம்" என்று முணுமுணுத்தார். பின்னர் இட்டலியைப் பிட்டு நெய்யில் தோய்த்தார். பெரியவர் அதன் பின்னரே மாத்திரையை விழுங்கிவிட்டுத் தம் தட்டைத் தொட்டார். அவ்விடுதியின் வழக்கப்படி காபி வெள்ளித் தம்ளரில் வந்தது. சர்க்கரையில்லாக் காபியைப் பெரியவர் அன்றுபோல் என்றும் சுவைத்ததில்லை என்று பின்னாளில் சொல்வாராம்.

அடுக்களையைத் திறந்து வைப்பது எளிதன்று. திறந்து வைத்த பின் அதனைக் காப்பாற்றுவது அதனினும் கடினம். யக்ஞநாராயண மையாவுக்குப் பின் ஹரிச்சந்திர மையா பொறுப்பேற்றிருந்த காலத்தில், 1975-ஆம் ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. உணவு விடுதிகள் மிகக் குறைந்த விலைக்கே பண்டங்களை விற்க வேண்டும் என்று அரசு விதித்தது. அந்த விலைக்கு நல்ல நெய்யும் நல்ல பருப்பும் கட்டுப்படியாகாது. பலரும் செய்யக்கூடிய உபாயம் ஒன்று உண்டு: நெய்யில் கொஞ்சம் கலப்பது, பருப்பில் கொஞ்சம் குறைப்பது. அதற்கு மனமில்லாமல் விடுதியையே மூடிவிட்டனர். அங்கு வேலை செய்தோர் பிழைக்க வேண்டுமே என்று, ரவை இட்டலி மாவு முதலியவற்றைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குப் பின்னரே விடுதி மீண்டும் திறந்தது. பொட்டலத் தொழில் பெரிதாக வளர்ந்து, 2007-இல் நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது. விடுதிகளோ அக்குடும்பத்தார் பொறுப்பிலேயே தொடர்ந்து, சிங்கப்பூரில் சீனிவாசப் பெருமாள் கோயில் உள்ள சிராங்கூன் சாலை வரை கிளை பரப்பியிருக்கின்றன.

உடுப்பிச் சீமையிலிருந்து இவ்வாறு புறப்பட்டோர் பலர். சென்னையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை 1938-இல் இராயப்பேட்டையில் தொடங்கிய கிருஷ்ண ராவும் அப்பகுதியில் பிறந்து, சமையற்கூடத்தில் எடுபிடி வேலையிலிருந்து உயர்ந்தவரே. தமிழகத்துச் சிற்றூர்களில்கூட 'உடுப்பி ஓட்டல்' என்ற பலகையையும், அதற்குள் மாலை சூட்டிய கிருஷ்ணன் படத்தையும் நம்மில் காணாதவர் இல்லை. அன்ன பிரம்மத்தின் ஊரிலிருந்து வந்தவர்கள் என்ற ஒரே காரணத்தால் மக்கள் அவர்களை நம்பினர். அந்த நம்பிக்கை பெரும் மூலதனம். ஆனால் முன்னோர் பெயரில் வந்த மூலதனம் ஒரு தலைமுறைக்குத்தான் போதும். அடுத்த தலைமுறை அதைத் தன் கையாலேயே ஈட்டியாக வேண்டும்.

கோயிலில் திரையிடுகிறோம், விடுதியில் திறந்து வைக்கச் சொல்கிறோம். முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு முகங்கள். பார்க்கப்படுகிறோம் என்ற நினைவோடு சமைப்பதே அந்த அறம். மடைப்பள்ளியில் அந்த நினைவைத் தருவது சந்நிதி. விடுதியில் அதைத் தருவது திறந்த கதவு. நம் வீடுகளிலோ சந்நிதியும் உண்டு, கதவும் உண்டு. பூஜை அறையை ஒட்டியே அடுக்களை அமைத்த பெரியோர் காரணமின்றியா அமைத்தனர்?

மாலையில் தம்பதியர் தெள்ளார் வந்து சேர்ந்தனர். மறுநாள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அம்மையார் அக்கம்பக்கத்தாருக்கு உடுப்பிக் கதைகளைச் சொன்னார். வெளியில் சாப்பிட்டதை மட்டும் மறைத்துவிடுவார் என்று பெரியவர் எண்ணியிருந்தார். அவரோ அதைத்தான் முதலில் சொன்னார். "அம்மா சொன்ன வார்த்தை தப்பவில்லை. கண்ணால் கண்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன்" என்றார்.

அவ்வாண்டு புரட்டாசி மாதத்தில் அவர்கள் தெருவார் கூடி அன்னதானம் செய்தனர். வழக்கம்போல் சமையல் பந்தலைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். அம்மையார் வந்து நின்று பார்த்தார். நிவேதனத்துக்கு எடுத்து வைக்கும் பகுதிக்கு மட்டும் மறைப்பு இருக்கட்டும் என்றார். தெருவைப் பார்த்த தட்டியைத் தாமே அவிழ்க்கத் தொடங்கினார். "ஏனம்மா?" என்று கேட்ட இளைஞனிடம், "சாப்பிட வருகிறவர்கள் பார்க்கட்டும் தம்பி. பார்த்துவிட்டுச் சாப்பிட்டால் இன்னும் ஒரு கை கேட்பார்கள்" என்றார்.

இளைஞன் ஓடிவந்து மறுமுனையின் கயிற்றை அவிழ்த்தான். அன்று வடித்த சோறு போதாமல், இன்னொரு முறை உலை வைக்க நேர்ந்ததாம்.